இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முதல் பாகம் முடிந்தபோது சைரல்
உப்புவாசலில் நின்றுகொண்டிருந்தாள்.
கையில் கத்தி. காலடியில் செத்த நரி.
எனக்கு அப்போது பதினாலு வயது.

இரண்டாம் பாகத்தின் முதல் வரியில்
அதே வாசல், அதே கத்தி,
ரத்தம்கூட இன்னும் உறையவில்லை.
எனக்கோ பதினேழு முடியப்போகிறது.

அவளுக்கு ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்.
அதற்குள் இங்கே அபர்டீனில்
என் பல்லுக்குக் கம்பி கட்டிக் கழற்றிவிட்டார்கள்.
எண்ணெய் மேடையில் வேலை போன அப்பா
பார்சல் வேன் ஓட்டுகிறார்,
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை அத்துப்படி.
சனிக்கிழமைகளில் நான்
மீன் பொரிக்கும் கடையில் பொட்டலம் மடிக்கிறேன்.
சைரல், நீ எனக்கு அக்காவாக இருந்தாய்.
இப்போது உனக்குப் பதினாறுதான்.
கத்தியை அப்படிப் பிடித்தால் கட்டைவிரல் போய்விடும் என்று
சொல்லத் தோன்றுகிறது.

பச்சைக் கண்ணோடு புதிதாக ஒருவன் வந்திருக்கிறான்.
அவன் முடி நெற்றியில் விழுவதாக
ஒன்பது இடத்தில் வருகிறது. எண்ணினேன்.
நடுவில் நூறு பக்கம் நடக்கிறார்கள்,
சதுப்பு, அப்புறம் காடு, அப்புறம் வேறொரு சதுப்பு.
ஒருவருக்கும் காலில் கொப்புளம் வரவில்லை.

ஆனால் அந்தப் பாலம்.
அங்கே சுங்கம் வாங்குகிறவள் காசு கேட்பதில்லை,
சொல்ல வந்து சொல்லாமல் விட்ட
ஒரு வாக்கியத்தைக் கேட்கிறாள்.
சைரலிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன.
அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

முதல் பாகத்தை
நானும் ரோனாவும் பாதிப்பாதி காசு போட்டு வாங்கினோம்.
பள்ளிக்கூடப் பஸ்ஸில், மடியும் மடியும் சேர்ந்த இடத்தில் புத்தகம்.
அவள் வேகம். படித்து முடித்துவிட்டுப்
பக்கத்தின் மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு
என் கண் கடைசி வரிக்கு இறங்கக் காத்திருப்பாள்.
நரி செத்த அன்று இருவரும் அழுத அழுகையில்
ஓட்டுநர் வண்டியை நிறுத்தி
"யாரும்மா போயிட்டாங்க?" என்றார்.
"நரி" என்றாள் ரோனா.
கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கூழாங்கல்லைத் தோண்டி
அவளுடைய செம்பழுப்புக் கையுறையில் ஒன்றைப் புதைத்தோம்.
இன்னொன்று எங்கே என்று அவள் அம்மா
ஒரு வாரம் கத்தினார்.

அந்த அம்மாவுக்குத்தான் ஸ்டவாங்கரில் வேலை கிடைத்தது.
இதே கடலின் அந்தக் கரை.
முதலில் தினமும் பேசினோம்,
பிறகு பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு பூர்ச்ச மரத்தின் பின்னாலிருந்து
கொஞ்சம் நொண்டிக்கொண்டு நரி வருகிறது.
வந்ததும் ஒரு ஜோக் வேறு அடிக்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டேன்.
அப்படியென்றால் அந்த அழுகை எந்தக் கணக்கு?
மூன்று வருஷம் செத்துக் கிடந்த ஒன்று
மன்னிப்புக்கூடக் கேட்காமல் வரலாமா?
எண்ணெய் நாற்றம் வீசும் சட்டையோடு
அப்படியே கடற்கரைக்குப் போனேன்.
மூடுபனி. விளக்கம் பாதிதான் தெரிந்தது.
குளிர்காலம்தோறும் அலை கல்லை இடம்மாற்றிவிடுகிறது,
எங்கே புதைத்தோம் என்பதே தெரியவில்லை.
நான்கு இடத்தில் தோண்டினேன்.
ஒரு பாட்டில் மூடி கிடைத்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்று
எழுதி, அழித்து, எழுதி, அழித்து,
கடைசியில் அனுப்பினேன்:
"ரெண்டாவது பாகம் படிக்கிறாயா? எத்தனையாவது பக்கம்?"

மறுநாள் உருளைக்கிழங்கு உரிக்கும்போது பதில் வந்தது:
"நூற்றெண்பது. இன்னும் நடந்துகிட்டே இருக்காங்க.
மார்வென், வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

திறக்கவில்லை.
கை துடைத்துக்கொண்டு பையிலிருந்து எடுத்தேன்,
இருநூற்றுப் பன்னிரண்டைப் பிரித்து
மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன்.
வாசலில் ஒருவர்
இரண்டு ஹாடக், வினிகர் தூக்கலாக, என்று கேட்கிறார்.
இருங்கள் ஐயா.